ஓடையைப் படிக்கப் போகிறவர்களுக்கு: நீர்வடிப்பகுதி மேலாண்மையில் மேற்படிப்பு

சிவில் முடித்துவிட்டு ஓராண்டாக வீட்டில் இருக்கும் அக்கா மகன் ஒருநாள் கேட்டான்: "மாமா, வாட்டர்ஷெட் மேனேஜ்மென்ட்னு ஒரு பி.ஜி. இருக்காமே, அது அணை கட்டுற படிப்பா?" இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜியாலஜி முடித்த பக்கத்து வீட்டுப் பெண், பி.எஸ்சி. அக்ரி முடித்த நண்பரின் தம்பி என்று இன்னும் நாலு பேர் இதையே வேறு வேறு மாதிரி கேட்டுவிட்டார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நான் சேலத்துக்காரன், பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருப்பவன். உதாரணங்கள் எல்லாம் சேர்வராயன் மலையைச் சுற்றியே வரும். வேறு ஊர்க்காரர்கள் அவரவர் மலையை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லைப் பிடிப்போம்

அரசுக் கடிதங்களில் 'நீர்வடிப்பகுதி' என்பார்கள். அணைச் செய்தி எழுதும் பத்திரிகைகள் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்பார்கள். களத்தில் விவசாயிகள் உட்பட எல்லோரும் சொல்வது 'வாட்டர்ஷெட்'. மூன்றும் ஒன்றுதான். ஓடையில் ஓர் இடத்தில் நின்றுகொண்டு, எங்கெங்கே பெய்த மழையெல்லாம் இந்த இடத்துக்கு வந்து சேரும் என்று கேட்டால், அந்த 'எங்கெங்கே' எல்லாம் சேர்ந்ததுதான் நீர்வடிப்பகுதி. நிற்கிற இடத்தை மாற்றினால் பரப்பும் மாறிவிடும்.

ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் உச்சிக்குப் போனவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மலையின் மேற்குச் சரிவில் விழும் மழை சரபங்கா நதியாகி ஓமலூர், எடப்பாடி வழியே காவிரிக்குப் போகிறது. தெற்கில் இறங்குவது திருமணிமுத்தாறு. அது சேலம் நகரத்துக்குள் புகுந்து, நகரத்தின் சாக்கடையையெல்லாம் வாங்கிக்கொண்டு, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. வடகிழக்கில் இறங்கும் தண்ணீர் வாணியாறு. தருமபுரி மாவட்டத்து வாணியாறு அணையைத் தாண்டித் தென்பெண்ணையில் கலந்து, கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. காவிரிக்குப் போன பங்கு பூம்புகாரில் கடலைப் பார்க்கும். கிழக்கே இன்னும் கொஞ்சம் தள்ளி அருநூற்றுமலைப் பக்கம் போனால் வசிஷ்ட நதி. அது ஆத்தூர் வழியாக வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் முடிகிறது. ஒரே மாவட்டத்து மழை மூன்று வெவ்வேறு முகத்துவாரங்களுக்குப் போகிறது. இந்தப் பாடம் படிக்க சேலத்துப் பிள்ளைகளுக்கு ஊரே ஒரு லேப்.

அளவுக்கு வருவோம். பெரிய ஆற்றுப்படுகையை உடைத்து உடைத்து, சுமார் 500 ஹெக்டேர் அளவுக்குக் கொண்டுவந்தால் அது மைக்ரோ வாட்டர்ஷெட். அரசுத் திட்டங்களில் இப்படிச் சில துண்டுகளைச் சேர்த்து, சில ஆயிரம் ஹெக்டேரை ஒரே திட்டமாக எடுப்பார்கள். நீங்கள் படிக்கப்போவதும், பிறகு வேலை செய்யப்போவதும் பெரும்பாலும் இந்த அளவில்தான். மேட்டூர் அணை மாதிரி 93.47 டிஎம்சி கணக்கெல்லாம் வேறு ஆட்களுடைய வேலை.

விண்ணப்பம் போடும் முன் ஒரு ஓடை

நான் சொல்வதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். படிவம் வாங்குவதற்கு முன்னால், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் ஓர் ஓடையைத் தேர்ந்தெடுங்கள். அதை வாயிலிருந்து தலை வரைக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். காலில் நெருஞ்சி குத்தும், உண்ணிச்செடி கையைக் கிழிக்கும், ஆட்டுக்காரர்கள் யாரென்று விசாரிப்பார்கள். இது பிடிக்கவில்லை என்றால் படிப்பும் பிடிக்காது. இரண்டு வருடத்தை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

சேலம் நகரத்துப் பிள்ளைகளுக்குக் கன்னங்குறிச்சிப் பக்கம் வசதி. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள், புது ஏரி, மூக்கனேரி எல்லாம் ஒரே நாளில் பார்க்கிற தூரம். மூக்கனேரியில் மக்கள் முன்வந்து தூர் எடுத்து, அந்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரம் வைத்திருக்கிறார்கள். திட்டுகளைப் பார்த்து ரசித்த கையோடு, ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் எந்த நிலையில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

நடக்கும் முன் வரைபடம் வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் போதும். அதில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடும். கோடுகள் வளைந்து வளைந்து கூர்மையாகிற இடங்களைக் கவனியுங்கள். கூர்முனை மேட்டைப் பார்த்துக் குத்தினால் அங்கே பள்ளம், அதாவது ஓடை. பள்ளத்தைப் பார்த்துக் குத்தினால் அது முகடு. ஓடையின் வாயில் பென்சிலை வைத்து, ஒரு பக்கமாக மேலே ஏறி, முகடுகளை மட்டும் தொட்டுக்கொண்டே சுற்றி வந்து மறுபக்கமாக அதே இடத்தில் இறங்குங்கள். வழியில் எந்த ஓடையையும் கோடு வெட்டக் கூடாது. வெட்டினால் எங்கோ வழுக்கிவிட்டீர்கள், அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். எனக்கு முதல் தடவை நாலு முறை அழிக்க வேண்டியிருந்தது. இதையே இப்போது கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் சில நிமிடத்தில் செய்துவிடும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டவனுக்குத்தான் கணினி தப்புச் செய்யும்போது கண்ணில் படும். ரோட்டு மேட்டையும் கால்வாய்க் கரையையும் அது முகடு என்று நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

அப்புறம், தண்ணீர் ஓடும் நாளில் ஓர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போங்கள். ஓடை நேராக ஓடும் 10 மீட்டரை நாடாவால் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். ஆரஞ்சுத் தோலை மேல் குச்சிக்கு முன்னாலேயே விட்டு, கீழ்க் குச்சியைத் தாண்ட எத்தனை நொடி என்று பாருங்கள். 20 நொடி என்றால் வேகம் நொடிக்கு அரை மீட்டர். மேல்மட்டத் தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் அதை 0.85 ஆல் பெருக்க வேண்டும், 0.425 வரும். ஓடை 1.2 மீட்டர் அகலம், சராசரி 15 சென்டிமீட்டர் ஆழம் என்றால் குறுக்குப் பரப்பு 0.18 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு சுமார் 76 லிட்டர். ஐந்து தடவை விட்டு சராசரி எடுங்கள். கல்லூரியில் லட்ச ரூபாய்க் கருவி காட்டுவார்கள், அதுவும் இதே கணக்கைத்தான் செய்கிறது.

கடைசியாக, வயதானவர்களிடம் பேசுங்கள். ஏற்காட்டுக் கிராமம் ஒன்றில் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரிடம், ஓடையில் எப்போது வரைக்கும் தண்ணீர் இருக்கும் என்று கேட்டேன். "முன்னெல்லாம் சித்திரை நோம்பிக்கும் கால் நனையுமுங்க. இப்போ மாசி தாண்டுறதில்ல. மேல காட்டை அழிச்சு வெளிச்சமாக்கிட்டாங்க, ஊத்துக் கண்ணு மூடிருச்சு" என்றார். மேலே நிழல் மரம் போனதற்கும் கீழே ஊற்று அடங்கியதற்கும் முடிச்சுப் போட அவருக்கு எந்தப் பாடப்புத்தகமும் தேவைப்படவில்லை. அதை அளந்து நிரூபிப்பது எப்படி என்பதற்குத்தான் நமக்கு இரண்டு வருடப் படிப்பு.

எந்தக் கதவு யாருக்கு

இந்தப் பெயரிலேயே ஒரு பட்டம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்புப் பொறியியல், நீரியல், ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மை, நில நீர்வளப் பொறியியல் என்று ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு பெயர். இளநிலையில் என்ன படித்தீர்கள் என்பதுதான் கதவைத் தீர்மானிக்கும்.

வேளாண் பொறியியல் படித்தவர்களுக்கு நேர்வழி. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மண் மற்றும் நீர்ப் பாதுகாப்புப் பொறியியல் எம்.டெக். இருக்கிறது. கேரளத்தில் தவனூர் வேளாண் பொறியியல் கல்லூரியும் நல்ல இடம். 'கேட்' என்ற அகில இந்தியப் பொறியியல் முதுநிலைத் தேர்வில் மதிப்பெண் நன்றாக இருந்தால் ஐஐடி கரக்பூரின் நில நீர்வளப் பொறியியலுக்கு முயலலாம்.

சிவில்காரர்கள், அதாவது என் அக்கா மகன் வகையறா, வேளாண் பல்கலைக்கழகத்தை மறந்துவிடலாம். அங்கே எம்.டெக்.குக்கு வேளாண் பொறியியல் பட்டம் கேட்பார்கள். இவர்களுக்குக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம்தான் முதல் முகவரி. நீரியல் மற்றும் நீர்வளப் பொறியியல், பாசன நீர் மேலாண்மை, ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மை ஆகிய எம்.இ. படிப்புகள் அங்கிருந்து வந்தவை. கடைசியாகச் சொன்னதில் சமூகம், சட்டம், நிர்வாகம் எல்லாம் கலந்து வரும். கணக்கு மட்டும் போதும் என்பவர்களுக்கு முதலாவதே நல்லது. வெளியே போக மனமிருந்தால் ஐஐடி ரூர்க்கி. நீரியலுக்கென்றே 1972 முதல் தனித் துறை வைத்திருக்கும் இடம் அது. எந்த ஆண்டு எந்தப் பிரிவில் சேர்க்கை நடக்கிறது என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜியாலஜி பெண்ணுக்குச் சொன்னது: ஊரைவிட்டுப் போகாமலே ஆரம்பிக்கலாம். சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் பெரியார் பல்கலைக்கழகத்திலும் ஜியாலஜி முதுநிலைப் படிப்பு இருக்கிறது. தமிழில் 'புவியியல்' என்று ஜியாக்ரஃபியையும் சொல்வார்கள், ஜியாலஜியையும் சொல்வார்கள். எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்க் குழப்பத்தில் தப்பான விண்ணப்பம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் மாவட்டத்தின் அடியில் கிடப்பது சார்னகைட்டும் நைஸ் பாறையும். இந்தக் கெட்டிப் பாறையில் தண்ணீர் மேலே மக்கிய அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டும்தான் நிற்கும். அதனால்தான் ஒருவர் தோட்டத்தில் 300 அடியில் தண்ணீர் கிடைக்கும், வரப்பு தாண்டி அடுத்தவர் 1000 அடி போட்டும் புகைதான் வரும். நிலத்தடி நீரியலைச் சிறப்புப் பாடமாக எடுப்பவருக்கு சேலத்தைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. முதுநிலை முடித்தபின் டேராடூனில் உள்ள இந்திய தொலையுணர்வு (ரிமோட் சென்சிங்) நிறுவனத்தில் எம்.டெக். போகிற வழியும் உண்டு.

பி.எஸ்சி. அக்ரி முடித்தவர்கள் மண்ணியல் அல்லது உழவியல் எம்.எஸ்சி. எடுத்து, ஆய்வுத் தலைப்பில் நீர்வடிப்பகுதிக்குள் நுழையலாம். சுற்றுவழிதான், ஆனால் மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் எப்போதும் தட்டுப்பாடு. சமூகப்பணி, ஊரக வளர்ச்சி படித்தவர்களுக்கு காந்திகிராமம் போன்ற இடங்கள் இருக்கின்றன. வேலையில் இருந்துகொண்டே கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் இக்னோவின் வாட்டர்ஷெட் மேனேஜ்மென்ட் டிப்ளமோ போதும்.

நுழைவுத்தேர்வும் பணமும்

கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் முந்தின ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்துவிடும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். சிவில், வேளாண் பொறியியல், ஜியாலஜி மூன்றுக்கும் தனித்தனித் தாள் உண்டு. 2021 முதல் சுற்றுச்சூழலுக்கும் ஒன்று வந்திருக்கிறது. மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. தமிழ்நாட்டு எம்.இ. இடங்களுக்கு முன்பு டான்செட் எழுதினார்கள். 2023 முதல் பொறியியலுக்கு சீட்டா-பிஜி என்று தனித் தேர்வு. வேளாண் படிப்புகளுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) ஒதுக்கீட்டு இடங்கள் வேண்டுமானால் அதற்கு அகில இந்திய நுழைவுத்தேர்வு தனி. இவ்வளவுதான், இதற்கு மேல் கோச்சிங் சென்டர்காரர்கள் சொல்வார்கள்.

சேரும் முன் கல்லூரியில் கேட்க வேண்டியது

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். முதலில் நான் சேர்ந்த ஒரு கல்லூரியின் கையேட்டில் 'களப்பயிற்சியுடன் கூடிய நீர்வள மேலாண்மை' என்று அட்டையிலேயே போட்டிருந்தது. சேர்ந்தபின் முதல் பருவம் முழுக்க நாங்கள் பார்த்த ஒரே நீர்நிலை விடுதி மாடியில் இருந்த தொட்டி. மழைமானி ஒன்று இருந்தது, அதன் புனலுக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. அந்த ஆண்டு அந்த வளாகத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று யாருக்கும் தெரியாது. பாதியில் விட்டுவிட்டு வேறு இடம் போனேன், ஒரு வருடம் போயிற்று.

அதனால் சொல்கிறேன், சேரும் முன் நேரில் போய் நாலு விஷயம் விசாரியுங்கள். துறைக்கென்று தொடர்ந்து அளந்துவரும் ஓடையோ ஏரியோ இருக்கிறதா? போன வருட மாணவர்களின் ஆய்வேட்டை நூலகத்தில் பார்க்க விடுவார்களா? விட்டால் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். களத்தில் எடுத்த அளவு அட்டவணையாக இருக்கிறதா, இணையத்தில் இறக்கிய படம் மட்டும்தானா என்று தெரிந்துவிடும். களத்துக்குப் போக வண்டி யார் தருகிறார்கள்? பெண் பிள்ளைகள் களத்தில் தங்க வேண்டி வந்தால் என்ன ஏற்பாடு? இந்த நாலுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் துறை நல்ல துறை.

முதல் ஆண்டில் என்ன வரும்

நீரியல், மண் இயற்பியல், நிலத்தடி நீர், தொலையுணர்வும் ஜிஐஎஸ்ஸும், புள்ளியியல், கட்டமைப்பு வடிவமைப்பு. பெயர்கள் மிரட்டும், ஆனால் உள்ளே போனால் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: பெய்த மழையில் எவ்வளவு ஓடும், எவ்வளவு இறங்கும், ஓடுவது எவ்வளவு மண்ணைக் கொண்டுபோகும்?

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வாழ்க்கை முழுக்க உதவும். 500 ஹெக்டேர் மைக்ரோ வாட்டர்ஷெட்டில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் 50 கோடி லிட்டர். இதில் ஓடுவது எவ்வளவு? அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையினர் உருவாக்கிய 'வளைவு எண்' என்ற முறையைத்தான் எல்லோரும் முதலில் கற்பார்கள். மண், பயிர், சரிவைப் பாதுகாத்த விதம், முன்பே இருந்த ஈரம் எல்லாவற்றையும் பார்த்து நிலத்துக்கு ஓர் எண் கொடுப்பார்கள். எண் 100ஐ நெருங்க நெருங்க எல்லாத் தண்ணீரும் ஓடிவிடும்.

25,400ஐ அந்த எண்ணால் வகுத்து 254ஐக் கழித்தால் நிலம் பிடித்துவைக்கக்கூடிய அளவு மில்லிமீட்டரில் வரும். எண் 75 என்றால் சுமார் 85 மி.மீ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 17 மி.மீ., ஓட்டம் தொடங்கும் முன்பே இலையிலும் பள்ளத்திலும் போய்விடும். மீதி மழை 83. அதன் வர்க்கத்தை, அதே 83உடன் 85ஐக் கூட்டி வரும் 168ஆல் வகுத்தால் 41 மி.மீ. ஓடுகிறது. 500 ஹெக்டேருக்கு 20 கோடி லிட்டர் சொச்சம். இப்போது அதே மலைச்சரிவில் நிழல் மரத்தை வெட்டி, மண்ணைத் திறந்து போட்டு, எண் 85 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் 61 மி.மீ. ஓடும், 30 கோடி லிட்டர். அதே மழைதான், ஒரே நாளில் 10 கோடி லிட்டர் கூடுதலாக அடிவாரத்துக்கு இறங்குகிறது. ஏற்காட்டுப் பெரியவர் சொன்ன ஊற்றுக் கண்ணுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீரும் இதற்குள்தான் இருக்கிறது. இந்திய மண்ணுக்கு ஐந்தில் ஒன்று என்பதை மாற்றிப் போடும் வழக்கமும் உண்டு, அதை வகுப்பில் சண்டை போட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

லேபில் ஒரு விஷயம் மட்டும் தவறவிடாதீர்கள்: வி வடிவ வெட்டுள்ள தகடு. 90 பாகை வெட்டின் வழியே 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர். உயரம் 20 ஆனால் 9 என்று நினைப்போம், ஆனால் 25 லிட்டர் கிட்ட வரும். ஊற்றுகளை அளக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. லேத் பட்டறையில் கொடுத்தால் தகரத்தில் வெட்டித் தருவார்கள்.

மென்பொருள்களில் கியூஜிஐஎஸ் இலவசம், அதிலிருந்து தொடங்குங்கள். நீர்வடிப்பகுதியின் ஓட்டத்தைக் கணிக்கும் ஸ்வாட், ஆற்று ஓட்டத்தைக் கணிக்கும் ஹெக்-ராஸ் இரண்டும் பிறகு. செயற்கைக்கோள் படங்களுக்கு இஸ்ரோவின் புவன் தளம் இருக்கிறது. வகுப்பு தொடங்கும் வரை காத்திருக்க முடியாதவர்கள் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பம்பாயின் வாட்டர்ஷெட் மேனேஜ்மென்ட் பாடத்தைப் பார்க்கலாம்.

திட்ட வரலாறும் ஒரு தாளாக வரும். 1994இல் ஹனுமந்த ராவ் குழு பரிந்துரையில் வந்த வழிகாட்டுதல்கள், 2008இன் பொது வழிகாட்டுதல்கள், 2009-10இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டம், 2015-16இல் அது பிரதமர் பாசனத் திட்டத்துக்குள் போனது. தேர்வுக்கு மட்டும் படித்தால் போதும் என்று தோன்றும், ஆனால் களத்தில் எந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்ற சண்டை வரும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

மேலிருந்து கீழே

பாடத்தில் ஒரே வரியில் வரும் விதி இது: முகட்டிலிருந்து பள்ளத்துக்கு வேலை செய். மேலே சரிவில் சம உயர அகழி, அதற்குக் கீழே ஓடைத் தலைகளில் கல் தடுப்பு, நடுவில் கம்பிவலைக் கல்லணை, விளைநிலத்தில் வரப்பும் பண்ணைக் குட்டையும், கடைசியில்தான் தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும்.

நான் முதலில் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் இதைத் தலைகீழாகச் செய்தோம். மார்ச்சுக்குள் பணம் செலவாக வேண்டும், சரிவில் ஆயிரம் சின்ன வேலைக்கு அளவுப் புத்தகம் எழுதுவதைவிட கீழே ஒரு செக்டேம் கட்டுவது சுலபம். கட்டினோம். திறப்பு விழாவுக்கு மாலை, தேங்காய் எல்லாம் ஆனது. மேலே சரிவெல்லாம் மரவள்ளி. கிழங்கு எடுக்க மண்ணைக் கொத்திப் புரட்டிப் போட்ட சமயத்தில் மழை பிடித்தது. ஒரே ஐப்பசியில் அணை முக்கால்வாசி மண்ணால் நிரம்பிவிட்டது. அடுத்த வருடம் போய்ப் பார்த்தபோது அதன் மேல் யாரோ சோளம் விதைத்திருந்தார்கள், நன்றாகவே விளைந்திருந்தது. அணையில் எங்கள் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருந்தது.

ஆய்வுத் தலைப்பு

இரண்டாம் ஆண்டில் தலைப்புத் தேடி அலைய வேண்டாம், ஊரிலேயே கொட்டிக்கிடக்கிறது. மரவள்ளிச் சரிவுகளிலிருந்து அறுவடைக் காலத்தில் போகும் மண் எவ்வளவு என்று அளக்கலாம். ஏத்தாப்பூரில் மரவள்ளி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, பயிர் விவரத்துக்கு அவர்களைக் கேளுங்கள். சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும் இருக்கும் தோட்டத்தில் மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது, வெட்டவெளியில் எவ்வளவு என்று இரட்டை வளையம் வைத்து ஒப்பிடலாம். செலவு இரண்டு இரும்பு வளையமும் நிறைய தண்ணீர்க் குடமும்தான், ஆனால் மலையில் குடம் தூக்குவது யார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். மேட்டூர் உபரிநீரால் சரபங்கா வடிநிலத்தில் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்தில் தண்ணீர் வந்த ஏரியைச் சுற்றிக் கிணற்று மட்டம் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரியில் ஏன் தண்ணீர் நிற்பதில்லை என்று அதன் வரத்துப் பகுதியை ஆராயலாம். சீமைக்கருவேலத்தைக் குற்றம் சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள், வரத்துக் கால்வாய்களை நடந்து பார்த்தவர்கள் குறைவு.

தலைப்பு சின்னதாக இருக்கட்டும். 'காவிரிப் படுகை முழுவதும்' என்று எடுத்தால் கணினி முன் உட்கார்ந்தே இரண்டு வருடம் முடிந்துவிடும்.

வேலை

நேராகச் சொல்கிறேன், பெட்டி பெட்டியாக வேலை காத்திருக்கவில்லை. வேளாண் பொறியியல் துறைக்கும், 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து தனியான நீர்வளத் துறைக்கும் டிஎன்பிஎஸ்சி வழியாகப் பொறியாளர்கள் எடுக்கிறார்கள். ஜியாலஜிக்காரர்களுக்கு யூபிஎஸ்சி நடத்தும் புவி விஞ்ஞானிகள் தேர்வு இருக்கிறது, மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்குப் போகும் வழி அதுதான். ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு இருக்கிறது. தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமையின் திட்டங்களில் மாவட்ட அளவில் ஒப்பந்த வேலைகள் வரும். சம்பளம் சுமார், கற்றுக்கொள்வது ஏராளம். மதுரையின் 'தான்' (DHAN) அறக்கட்டளை, புனேயின் 'வாட்டர்' (WOTR) நிறுவனம் போன்ற தொண்டு அமைப்புகளில் களவேலை பிடித்தவர்களுக்கு இடம் உண்டு. வீட்டில் "படிச்சு முடிச்சா என்ன சம்பளம்?" என்று கேட்டால் முதல் மூன்று வருடத்துக்குப் பெரிதாக எதுவும் சொல்லிக்கொள்ள முடியாது, இதை முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

சரி, இந்த மாதம் என்ன செய்வது? வரைபடம், நாடா, ஆரஞ்சு, ஒரு நோட்டு. இளநிலை மதிப்பெண் பட்டியலின் நகல் நாலு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட் விண்ணப்பத் தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பில் வட்டமிடுங்கள். மலையில் மழை பிடித்திருக்கும்போது ஓடைக்குள் இறங்க வேண்டாம். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே கொட்டிய மழை வெள்ளமாக வந்து நிற்கும்.

அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை கன்னங்குறிச்சிப் பக்கம் போயிருக்கிறான். ஆரஞ்சுத் தோல் மூன்று தடவையும் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டதாம், "இது வேலைக்கு ஆகாது மாமா" என்று போன் செய்தான். நேராக ஓடுகிற இடமாகப் பார்த்து மறுபடி விடச் சொல்லியிருக்கிறேன்.